லிஃப்ட்டோடு சேர்த்து இம்ப்ளான்ட்: 275-ஆ, 400-ஆ?

கொங்குமைனா | திங்கள், இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள். முதல் முறையாக எழுதுகிறேன்.

வயது 38, கோவை. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஐந்து வயது. பால் நிறுத்தி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. போன வருடம் 17 கிலோ குறைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மார்பு மட்டும் காசு தீர்ந்த சுருக்குப்பை மாதிரி ஆகிவிட்டது. மேல்பக்கம் ஒன்றுமே இல்லை, இருப்பதெல்லாம் கீழே தொங்குகிறது.

இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தேன். லிஃப்ட் (தொங்கும் மார்பைத் தூக்கித் தைப்பது) அவசியம், மேல்பக்கம் நிரம்ப இம்ப்ளான்ட்டும் (உள்ளே வைக்கும் சிலிக்கோன் பை) வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அளவில்தான் சிக்கல். முதல் டாக்டர் டேப், காலிப்பர் எல்லாம் எடுத்து இருபது நிமிடம் அளந்துவிட்டு, "275 சிசி. மிஞ்சிப்போனால் 300. அதற்கு மேல் நான் வைக்க மாட்டேன்" என்றார். இரண்டாமவர், "தோல்தான் நிறைய இருக்கிறதே, 400 தாராளமாகப் போகும்" என்றார்.

என் மனசு 400 பக்கம்தான் சாய்கிறது. ஒரு தடவைதானே செய்துகொள்ளப் போகிறோம், நிறைவாகவே இருக்கட்டும் என்று. அரிசியைப் பையில் கட்டி பிராவுக்குள் வைத்தும் பார்த்தேன். 400 தான் பிடித்தது.

முதல் டாக்டர் எழுதிக் கொடுத்தது: மார்பின் அடி அகலம் 12 செ.மீ., மேல்பக்கம் கிள்ளிப் பிடித்தால் ஒன்றரை செ.மீ., காம்பு மார்பின் அடிமடிப்புக்கு 2 செ.மீ. கீழே. சர்க்கரை, பிரஷர் கிடையாது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிங்கை அல்லி | திங்கள், இரவு 11.15

மைனா, உங்கள் பதிவைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியிருக்க வேண்டிய பதிவு இது. அப்போது யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு வைத்தது 425, லிஃப்ட்டோடு ஒரே நாளில். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாதம் அமர்க்களம். பழைய சுடிதார் எல்லாவற்றையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் மெல்ல மெல்ல உள்ளே இருப்பது கீழே இறங்க ஆரம்பித்தது. காம்பு தூக்கி வைத்த இடத்திலேயே நின்றது, இம்ப்ளான்ட் மட்டும் அடிமடிப்பையும் தாண்டிக் கீழே போனது. கண்ணாடியில் பார்த்தால் காம்பு மேலே வானத்தைப் பார்க்கிறது. இதற்கு ‘பாட்டமிங் அவுட்’ என்று பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. கருவட்டத்தைச் சுற்றிய தழும்பும் நடுவில் இறங்கும் தழும்பும் இழுபட்டு விரல் அகலத்துக்கு ஆகிவிட்டன.

மூன்றாவது வருடம் மறுபடி மேஜையில் படுத்தேன். 425 போய் 260 வந்தது. உள்ளே அடிமடிப்பைப் புதிதாகத் தைத்துக் கட்டினார்கள். செலவு முதல் தடவையைவிட அதிகம். இப்போது நன்றாக இருக்கிறேன், ஆனால் அந்தத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது.

தையல்நாயகி | செவ்வாய், காலை 6.50

நான் ஆபரேஷன் எதுவும் செய்துகொண்டவள் இல்லை. மாயவரத்தில் இருபத்திரண்டு வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். மருத்துவம் தெரியாது, துணி தெரியும். பக்கவாட்டில் பிடித்து இறுக்கித் தைத்த ப்ளவுஸுக்குள் அன்றைக்கே பெரிய பேட் வைத்துப் போட்டால் எங்கே பிரியும் என்று எனக்குத் தெரியும். புதுத் தையலில்தான். அதுவும் பல தடவை துவைத்து நைந்த துணி என்றால் தையலுக்குப் பக்கத்திலேயே கிழியும்.

அரிசிக் கணக்கில் ஒரு சந்தேகம். 400 கிராம் நிறுத்து வைத்தீர்களா, 400 மில்லி அளந்து வைத்தீர்களா? இரண்டும் ஒன்றில்லை.

கொங்குமைனா | செவ்வாய், காலை 9.20

அக்கா, நிறுத்துத்தான் வைத்தேன்! தராசில் 400 கிராம்.

மூன்றாமாண்டு | செவ்வாய், இரவு 11.55

பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சிஎச். படிக்கிறேன். டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாக இருந்தால் மன்னிக்கவும். உங்களை நேரில் பார்க்காமல் அளவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அரிசி. சிசி என்பது கொள்ளளவு. 300 மில்லி அரிசி நிறுத்தால் சுமார் 250 கிராம்தான் வரும், அப்படியானால் 400 கிராம் அரிசி கிட்டத்தட்ட 480 மில்லி. நீங்கள் ஆசைப்பட்டது 400 கூட இல்லை, 480! இதைவிட முக்கியமான விஷயம், இந்த அரிசிச் சோதனை லிஃப்ட் தேவையில்லாதவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். உங்களுக்கு இப்போது பிராவுக்குள் மடிந்து கிடக்கும் தோல் ஆபரேஷனில் போய்விடும், உருவமே மாறும். அதன்மேல் பை வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

லிஃப்ட் என்பது தோலைக் குறைத்து இறுக்குவது. இம்ப்ளான்ட் என்பது உள்ளே இருந்து தோலைத் தள்ளுவது. இரண்டும் எதிரெதிர் வேலை. தையல்நாயகி அக்கா சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது 1960-களிலேயே, கோன்சாலஸ் உய்யோவா, ரெக்னோ ஆகிய சர்ஜன்கள் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் இன்றுவரை அழகியல் மார்பக அறுவைகளில் மறு ஆபரேஷனுக்கு அதிகம் வருபவற்றில் இந்தக் கூட்டணியும் ஒன்று. லிஃப்ட் மட்டும், இம்ப்ளான்ட் மட்டும் என்பவற்றைவிட இதில் மறு ஆபரேஷன் அதிகம். 2003-இல் அமெரிக்க சர்ஜன் ஸ்காட் ஸ்பியர் இதில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சக சர்ஜன்களுக்கே எழுதினார்.

எங்களுக்கு உண்மையான பயம் வடிவம் பற்றியது இல்லை, ரத்த ஓட்டம். காம்புக்கும் கருவட்டத்துக்கும் ரத்தம் நெஞ்செலும்பு ஓரத்திலிருந்து, அக்குள் பக்கத்திலிருந்து, விலா எலும்புகளுக்கு இடையிலிருந்து, அடியில் உள்ள தசையைத் துளைத்துக்கொண்டு என்று பல வழிகளில் வருகிறது. லிஃப்ட்டில் தோலை வெட்டும்போது இதில் சில வழிகள் மூடும். இம்ப்ளான்ட்டுக்கு இடம் பிரிக்கும்போது இன்னும் சில மூடும். மிச்சம் இருக்கும் வழியை நம்பித்தான் காம்பு பிழைக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே பெரிய இம்ப்ளான்ட் உட்கார்ந்து அழுத்தி, மேலே தோலும் இறுகினால் மிச்ச ரத்தமும் நெருக்கப்படும். காம்பின் ஒரு பகுதியோ, தையல்கள் சந்திக்கும் இடத்துத் தோலோ கருகிப்போகலாம். எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. நடந்தால் திரும்ப வராது என்பதால்தான் பயப்படுகிறோம்.

அப்புறம் அந்த “தோல் நிறைய இருக்கிறது”. இருக்கிறது, ஆனால் எப்படிப்பட்ட தோல்? இரண்டு கர்ப்பம், பால் கட்டியது, 17 கிலோ எல்லாம் இழுத்து விட்ட தோல் அது. வரிவரியாகத் தழும்பு இருந்தால் உள்தோல் ஏற்கனவே விட்டுக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அகலம் உண்டு, பலம் இல்லை. தொய்வு மிகக் குறைவாக இருப்பவர்களுக்குச் சற்றுப் பெரிய இம்ப்ளான்ட்டே தோலை நிரப்பிவிடும், லிஃப்ட் வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு அது இல்லை. காம்பு அடிமடிப்புக்கு 2 செ.மீ. கீழே என்றால் தொய்வைப் பிரித்துச் சொல்லும் ரெக்னோ வகைப்பாட்டில் இரண்டாம் நிலை.

அகலம் அடுத்தது. அடி 12 செ.மீ. என்றால் இம்ப்ளான்ட்டின் விட்டம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, சதைக்கு இடம் விட்டு, 11-இலிருந்து 11.5-க்குள் இருக்க வேண்டும். அந்த விட்டத்தில் நடுத்தர உயரமுள்ள இம்ப்ளான்ட் எடுத்தால் உங்கள் முதல் டாக்டர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில்தான் வரும். அப்படியானால் 400 எப்படி ‘போகும்’? ஹை ப்ரொஃபைல் என்று ஒன்று உண்டு, அகலம் கூடாமல் முன்பக்கம் மட்டும் பந்து போலத் தள்ளிக்கொண்டிருக்கும். போகும், ஆனால் அத்தனை அழுத்தமும் புதுத் தையலின் மேல்தான் விழும்.

மேல்பக்கம் கிள்ளினால் ஒன்றரை செ.மீ. என்கிறீர்கள். 2 செ.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலும் மேல்பாதியைத் தசைக்கு அடியில் வைப்பார்கள், இல்லையென்றால் விளிம்பு தெரியும். இம்ப்ளான்ட் பெரிதாகப் பெரிதாக மூடியிருக்கும் சதையும் மெலியும், ஐந்து வருடம் கழித்துச் சுருக்கம் கையில் தட்டுப்படும்.

எடை எவ்வளவு காலமாக நிலையாக இருக்கிறது? ஆறு மாதம் ஆகவில்லை என்றால் எல்லா அளவுமே தப்பாகும்.

மனசாட்சி 72 | புதன், காலை 7.05

கடவுள் கொடுத்த உடம்பு. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு இதெல்லாம் எதற்கு? அந்தக் காசை பேங்கில் போடலாம்.

சிங்கை அல்லி | புதன், காலை 7.30

மேலே இருப்பவர் அந்த 17 கிலோவையும் கடவுள் கொடுத்ததுதான் என்று வைத்துக்கொண்டிருக்கச் சொல்வாரா? இதே தமிழ்நாட்டில் 2018-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகம் பெரிதாக்குவதையும் சிறிதாக்குவதையும் இலவசமாகவே செய்யத் தொடங்கினார்கள். அப்போதும் நிறையப் பேர் சிரித்தார்கள்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 8.00

எதற்கு என்பது இந்த இழையின் கேள்வி இல்லை. அளவைப் பற்றிப் பேசுங்கள்.

தியேட்டர் சிஸ்டர் | புதன், மாலை 4.10

பதினொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ், அதற்கு முன் வார்டு. டாக்டர் தம்பி சொன்னது சரி. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நல்ல சர்ஜன் ஒருவர் உள்ளே வரும்போதே ஒரு எண்ணோடு மட்டும் வருவதில்லை. 250, 275, 300 என்று மூன்று எடுத்து வைக்கச் சொல்வார். சைஸர் என்று ஒன்று இருக்கிறது, ஒத்திகைக்கு வைத்துப் பார்ப்பது. அதை வைத்து, மேஜையை நிமிர்த்தி மயக்கத்தில் இருப்பவரை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, கால்மாட்டில் போய் நின்று பார்ப்பார். தோலை உடனே வெட்ட மாட்டார். மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துப் பார்ப்பார். தையல்நாயகி அக்கா, இதற்குப் பெயரே ‘டெய்லர் டேக்’தான்! இறுக்கமாகத் தெரிந்தால் பின்னைக் கழற்றித் தளர்த்துவார், இல்லையென்றால் சிறிய இம்ப்ளான்ட்டுக்கு இறங்குவார். வெட்டிய பிறகு தளர்த்த முடியாது, அதனால்தான் இந்த வரிசை.

அப்புறம் ராத்திரி. வார்டில் நாங்கள் பார்ப்பது வலியை மட்டும் இல்லை, காம்பின் நிறத்தையும் பார்ப்போம். வெளுத்தால் ரத்தம் வரவில்லை, கருநீலமானால் ரத்தம் திரும்பிப் போகவில்லை. நம் நிறத்துக்கு இது சட்டென்று தெரியாது, விரலால் அழுத்தி விட்டு நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முறை விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெண்ணுக்கு இரண்டு பக்கமும் கருத்துக்கொண்டே வந்தது. சர்ஜனை எழுப்பினோம். அவர் வந்து யோசிக்கவே இல்லை, தையலைப் பிரித்து இம்ப்ளான்ட் இரண்டையும் எடுத்துவிட்டார். இரண்டு நாளில் நிறம் திரும்பியது. அந்தப் பெண் முதலில் அழுதாள், பிறகு அதே டாக்டரிடம் ஆறு மாதம் கழித்துச் சின்ன அளவில் வைத்துக்கொண்டாள்.

இன்னொன்று, “சிகரெட் பழக்கம் உண்டா” என்று கேட்டால் எல்லாப் பெண்களும் இல்லை என்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். அதிலும் நிகோடின்தான், ரத்தக் குழாயைச் சுருக்கும். குறைந்தது நாலு வாரம் முன்பும் பின்பும் தொடக் கூடாது. மைனாவுக்கு இருக்காது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கொங்குமைனா | புதன், இரவு 10.05

படித்துவிட்டு அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டேன்.

எடை எட்டு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது. வயிற்றிலும் மார்பிலும் வரித் தழும்பு உண்டு. ஒன்று மட்டும் கேட்கிறேன், 300-க்கும் 400-க்கும் கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம் தெரியும்? ஒரு கப் அளவு கூடுமா? ஆசை விடவில்லை.

மூன்றாமாண்டு | வியாழன், அதிகாலை 1.20

கப் என்பது ஒவ்வொரு பிரா கம்பெனிக்கும் ஒவ்வொன்று, அதை வைத்து நாங்கள் கணக்குப் போடுவதில்லை. குத்துமதிப்பாக ஒரு கப்புக்கு 150-இலிருந்து 200 சிசி என்பார்கள். ஆகவே 100 சிசிக்கு முழு கப் கூட வராது. 100 சிசி என்பது அரை டம்ளர் தண்ணீர், புடவைக்கு மேல் பார்த்தால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் சிலிக்கோன் ஜெல் ஒரு சிசி கிட்டத்தட்ட ஒரு கிராம். அந்த 100 கிராமை ஒவ்வொரு பக்கமும் உங்கள் தோல் ராத்திரி பகல் சுமக்கும்.

அப்படியும் பெரிதுதான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது, இரண்டு கட்டமாகச் செய்வது. முதலில் லிஃப்ட் மட்டும். மூன்றிலிருந்து ஆறு மாதம் விட்டால் ரத்த ஓட்டம் புது வழிகளில் படிந்துவிடும், தோலும் அமரும். பிறகு இம்ப்ளான்ட். இரண்டு மயக்கம், இரண்டு செலவு, ஆனால் ஆபத்து பிரிந்துவிடும். தொய்வு மிக அதிகமாக இருந்தால் பெரும்பாலான சீனியர்கள் சிறிய அளவுக்கே கூட இதைத்தான் சொல்வார்கள்.

இரண்டாம் டாக்டரைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 400 வைத்தால் என் அடி அகலத்துக்கு எந்த ப்ரொஃபைல், காம்புக்கு ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்படி வெட்டுவீர்கள், மேஜையில் இறுக்கமாக இருந்தால் என்ன செய்வீர்கள், மறு ஆபரேஷன் வந்தால் செலவு யாருடையது என்று அவரையே கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

நெய்தல் | வியாழன், காலை 11.00

இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தவளும் ஒருத்தி இங்கே இருக்கிறேன். தூத்துக்குடி, வயது 44. எனக்குக் கீழே சதை போதுமான அளவு இருந்தது. அதையே மடித்து மேலே கொண்டுபோய் வைத்துத் தைத்தார்கள். வடிவம் பிடித்திருக்கிறது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், முதல் மாதம் இருந்த மேல்பக்க நிறைவு ஒரு வருடத்தில் பாதியாகிவிட்டது. மைனாவுக்கு இருப்பதே குறைவு என்றால் இது போதாமல் போகலாம். “இம்ப்ளான்ட் இல்லாமல் எனக்கு எப்படி இருக்கும்” என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். கொஞ்சம் கொழுப்பை எடுத்து மேலே நிரப்புவதும் உண்டு என்றார்கள்.

கயல் டொராண்டோ | வியாழன், இரவு 8.45

அளவு பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். “ஒரு தடவைதானே” என்று மைனா எழுதியதுதான் எனக்கு இடிக்கிறது. இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் இருக்கும் பொருள் இல்லை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் இதைக் கட்டம் போட்ட எச்சரிக்கையாகவே போடச் சொன்னது. சிலிக்கோன் என்றால் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. எப்படியும் ஒரு நாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரும். அன்றைக்குப் பெரியதை எடுத்தால் எஞ்சும் வெற்றிடத்தையும் யோசியுங்கள், பிள்ளை. சுருக்குப்பை திரும்பவும் வரும், இன்னும் பெரிதாக.

மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்றும் கேளுங்கள். அலெர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு இருந்ததால் 2019-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கம்பெனி, வரிசை எண், சிசி எல்லாம் உள்ள அட்டையைக் கையில் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். நாற்பதை நெருங்குகிறீர்கள், ஆபரேஷனுக்கு முன் ஒரு மம்மோகிராம் எடுத்து வைப்பதும் நல்லது. பிறகு எடுக்கும்போதெல்லாம் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும், அதைப் பின்னால் தள்ளிவிட்டுத் தனியாகப் படம் எடுப்பார்கள்.

கொங்குமைனா | 19 நாள் கழித்து, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் டாக்டரிடம் திரும்பப் போனேன். மூன்றாமாண்டு தம்பி எழுதிய கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். அவர் கோபப்படவில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக டேப் எடுத்து அளந்தார். அளந்துவிட்டு, “சரி, 350 வைக்கலாம்” என்றார். சீட்டைப் பார்த்துப் பார்த்து இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன், 325 ஆனது. காய்கறிக் கடை மாதிரி இறங்குகிறதே என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

முதல் டாக்டரிடமே செய்கிறேன். 275, வழவழப்பு, மேல்பாதி தசைக்கு அடியில். தியேட்டரில் 250 வரை இறங்க அவருக்கு அனுமதி, 300-க்கு மேல் ஏற அனுமதி இல்லை. காம்பின் நிறம் சரியில்லை என்றால் லிஃப்ட் மட்டும் முடித்து, இம்ப்ளான்ட் வைக்காமலே தைத்துவிடலாம் என்றும் ஒப்புதலில் எழுதச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “இதை நான்தான் சொல்ல இருந்தேன்” என்றார். மம்மோகிராம் நார்மல்.

கயல் அக்கா சொன்ன அந்த வெற்றிடம்தான் என்னை 400-இலிருந்து இறக்கியது. தேதி அடுத்த மாதம். சின்னவனை ஆறு வாரம் தூக்கக் கூடாதாம், அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

தியேட்டர் சிஸ்டர் | அதே இரவு, 9.50

நல்லபடியாக நடக்கும். முன்பக்கம் திறக்கும் மிருதுவான பிரா இரண்டு வாங்கி வையுங்கள், கம்பி வைத்தது வேண்டாம். புது அளவு பிரா எதுவும் இப்போது வாங்காதீர்கள். வீக்கம் வடிந்து இம்ப்ளான்ட் கீழே அமர மூன்று மாதமாவது ஆகும். முதல் வாரம் மேலே தூக்கிக்கொண்டு சதுரமாகத் தெரியும், பயந்து போன் செய்யாதீர்கள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ காம்பு கருத்தாலோ நேரம் காலம் பார்க்காமல் போன் செய்யுங்கள்.

தையல்நாயகி | மறுநாள், காலை 6.40

மூன்று மாதம் என்றால் தீபாவளிக்கு ப்ளவுஸ் இப்போதே அளவு கொடுத்துவிடாதீர்கள்.

கொங்குமைனா | மறுநாள், காலை 7.15

அக்கா, போன வாரமே இரண்டு கொடுத்துவிட்டேன்.

தையல்நாயகி | மறுநாள், காலை 7.20

வெட்டிவிட்டாரா என்று கேளுங்கள். வெட்டவில்லை என்றால் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வெட்டியிருந்தால் பக்கத்தில் இரண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.